நூற்றுப் பதினேழாம் எண் இணைத்தகடு

நான் சொல்லப் போவதில் எவ்வளவு சரி என்று எனக்கே நிச்சயமில்லை. தகடு பச்சையாக மாறியது என்கிறது என் நினைவு. நீலம் என்கிறார் எதிர்வீட்டுக்காரர். பெட்டியில் இருந்தது சங்கரா மீன் என்று குறித்து வைத்திருக்கிறேன். வஞ்சிரம் என்று சத்தியம் செய்கிறார் அதைக் கொண்டுவந்த பவுல்சாமி. மீன் விஷயத்தில் அவரை நம்புவதுதான் நியாயம். ஆனால் மண்டபத்தில் அறுநூற்று நாற்பது நாற்காலிகள் இருந்தன என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முதல் நாள் பேச்சு அரை மணி தாமதமானது. நாற்காலிகளை எண்ணினேன். காலி நாற்காலிகளை எண்ணுவது சுலபம்.

குவாண்டம் அறிவியலுக்கு நூறு வயது என்று உலகமே அந்த ஆண்டு கொண்டாடியது. மயிலாப்பூர் மட்டும் சும்மா இருக்குமா? எங்கள் சபாவின் செயலாளர் கிரீஷுக்கு ஒரு கவலை உண்டு. மார்கழிக் கச்சேரிகளுக்கு முன் மண்டபம் வெறிச்சென்று கிடக்கும். அதனால் நவம்பரில் ஏதாவது ஒரு விழா எடுத்துவிடுவார். முந்தைய ஆண்டு எடுத்தது சிறுதானியத் திருவிழா. இந்த முறை அதே பேனரில் 'சிறுதானிய' என்ற இடத்தில் மட்டும் காகிதம் ஒட்டி 'குவாண்டம்' என்று எழுதினார். ஓரத்தில் கம்பங்கதிர் படம் அப்படியே நின்றது. அதுதான் அணு போலிருக்கிறது என்று பலர் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

மூன்று நாள் விழா. வெள்ளிக்கிழமை அறிவியல் உரை. சனிக்கிழமை மாணவர் கண்காட்சி. ஞாயிற்றுக்கிழமை, கொட்டை எழுத்தில், 'குவாண்டம் ஆன்மிக அனுபவம்: வழங்குபவர் குவாண்டானந்தர்'.

குவாண்டானந்தரின் பழைய பெயர் ஸ்ரீநாத். தி.நகரில் வீடு வீடாகத் தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் விற்றவர். தண்ணீரைச் சுத்தம் செய்வதைவிட மனிதர்களைச் சுத்தம் செய்வதில் லாபம் அதிகம் என்று ஒருநாள் ஞானம் வந்தது. இரண்டு வட்டத் தகடுகள் கொண்ட பெட்டி ஒன்றை விற்கத் தொடங்கினார். பெயர் இணைத்தகடு. தகடுகள் கறுப்பாக இருக்கும். ஒரு தகடு உங்களிடம். மற்றது வெளிநாட்டில் இருக்கும் உங்கள் பிள்ளையிடம். இரண்டும் 'குவாண்டம் பின்னலில்' ஒன்றானவை. பிள்ளை அங்கே தகட்டைத் தொட்டு உங்களை நினைத்தால், இங்கே உங்கள் உள்ளங்கையில் இருப்பது பச்சையாகும். அந்த நேரம் பிள்ளையின் இளமையும் ஆரோக்கியமும் உங்கள் உடம்புக்குள் இறங்கும்.

மயிலாப்பூரிலும் அபிராமபுரத்திலும் அடையாறிலும் பிள்ளை வெளிநாட்டில் இல்லாத வீடு எத்தனை? அதை அவர் நன்றாகக் கணக்குப் போட்டிருந்தார். பாகுபாடும் பார்க்கவில்லை. கோவிலுக்குப் போகிறவர்களுக்கு ஓம் பொறித்த தகடு. சாந்தோம் பங்குக்காரர்களுக்குச் சிலுவை பொறித்தது. பகுத்தறிவாளர்களுக்கு ஒன்றுமே பொறிக்காதது. அந்த மூன்றாவது வகையில் ஒன்றை யார் வாங்கினார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

நிபந்தனைகள் இரண்டுதான். சந்தேகத்தோடு பார்க்கக் கூடாது. பார்த்தால் பின்னல் அறுந்துவிடும். தகட்டைப் பற்றித் தொலைபேசியில் பேசக் கூடாது. சாதாரண அலை பட்டால் தகட்டின் அலை கெட்டுவிடும். அதாவது, பிள்ளையிடம் கேட்டுச் சரிபார்க்கும் வழியை முதலிலேயே பூட்டிவிட்டார். இன்னொரு நுணுக்கமும் உண்டு. மே மாதத்தில் விற்றிருந்தால் சென்னை வெயிலில் தகடுகள் தாமாகவே பச்சையாகி, எல்லாப் பிள்ளைகளும் எல்லாப் பெற்றோரையும் நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருந்திருப்பார்கள். அவர் மழைக்காலத்தில் விற்றார். தொழில் தெரிந்தவர்.

எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் சுப்பராமன் இருக்கிறார். வயது எழுபத்தொன்று. எடை அளவு ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் தெருமுனையில் திரும்பினாலே தி.நகர் நகைக்கடைகளில் தராசைத் துடைக்கத் தொடங்குவார்களாம். அந்தக் கதையை எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார்.

"பொருள் இந்தத் தட்டுல, கல்லு அந்தத் தட்டுல. முள்ளு நேரா நிக்கும். நம்பிடக் கூடாது, சார். தட்டை மாத்திப் போடணும். நெஜத் தராசு மாத்தினாலும் அப்படியே நிக்கும். பொய்த் தராசு மாட்டிண்டுடும். முப்பத்தஞ்சு வருஷம் இது ஒண்ணுதான் எனக்குத் தெரிஞ்ச வித்தை."

அந்த மனிதர்தான் அக்டோபர் தொடக்கத்தில் நூற்றுப் பதினேழாம் எண் இணைத்தகட்டை வாங்கினார். நெஞ்சில் மூன்று அடைப்பு. அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தது. மகன் ஸ்ரீகிருஷ்ணாவுக்கு முப்பத்தாறு வயது, ராட்டர்டாமில் வேலை. முப்பத்தாறு வயது இதயத்தோடு பின்னிய இதயத்தை எதற்காக அறுக்க வேண்டும் என்று கேட்டார் குவாண்டானந்தர். சுப்பராமன் நாளைத் தள்ளிப்போட்டார். பிறகு மாத்திரைகளையும் நிறுத்தினார். டிசம்பர் இரண்டாம் தேதி என்று மறுபடி நாள் கொடுத்த மருத்துவர், இதையும் விட்டால் அடுத்த தேதியை மார்ச்சுவரியில்தான் கேட்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். நல்ல மருத்துவர். நாகரிகம்தான் கொஞ்சம் குறைவு.

தினமும் காலை ஆறு மணிக்கு நான் செய்தித்தாள் எடுக்கக் கீழே இறங்கும்போது, சுப்பராமன் வாசலில் இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே தகட்டை வைத்துக் கண்மூடி உட்கார்ந்திருப்பார். மூன்று நிமிடத்தில் பச்சை.

"கிருஷ்ணா தொட்டுட்டான் சார்!"

இங்கே காலை ஆறு என்றால் அங்கே நள்ளிரவு ஒன்றரை. அந்த நேரத்தில் எந்தப் பிள்ளை விழித்திருந்து தகட்டைத் தடவுவான்? கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. எனக்குச் சும்மா இருப்பது நன்றாக வரும். அதைப் பண்பாடு என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை உரை நிகழ்த்தியவர் மதுவந்தி. அடையாறில் ஆராய்ச்சி செய்யும் இளம்பெண். அறுநூற்று நாற்பது நாற்காலிகளில் பதினோரு பேர் இருந்தோம். அதில் ஐந்து பேர் கேன்டீன் திறக்கக் காத்திருந்தவர்கள். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. பின்னல் என்பது உண்மை, விந்தையானது, ஆனால் அதை வைத்து இங்கிருந்து அங்கே ஒரு 'ஹலோ'கூட அனுப்ப முடியாது என்று கரும்பலகையில் எழுதியே காட்டினார். கேள்வி உண்டா என்றபோது ஒரே ஒரு கை உயர்ந்தது. சுப்பராமனின் மனைவி அபயாம்பாள்.

"உள்ளங்கைச் சூட்டை அனுப்ப முடியுமாம்மா? இங்கேர்ந்து ராட்டர்டாமுக்கு?"

"முடியாது மாமி. அவ்ளோ தூரம் கைச்சூடு போகாது. அங்க தகடு சூடாச்சுன்னா, அங்கயே யாரோ தொட்டிருக்காங்கன்னுதான் அர்த்தம்."

அபயாம்பாள் உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்த கிளாடிஸ் அவரைத் திரும்பிப் பார்த்தார். இருவரும் ஒரே பெண்கள் கல்லூரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். அபயாம்பாள் நூலகத்தில், கிளாடிஸ் இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளராக. கேன்டீனில் அவர்களுக்கு முதுகு காட்டி நான் போண்டா தின்றுகொண்டிருந்ததால் அடுத்து நடந்தது என் காதில் விழுந்தது. விழாதபடி உட்கார்ந்திருக்கலாம்தான்.

"கிளாடிஸ், ஒண்ணு சொல்றேன். வெளியில போகப்படாது."

"மாமி, முப்பது வருஷம் லேப்ல இருந்தவ நான். எந்தப் பொண்ணு எத்தனை பீக்கர் உடைச்சான்னு இன்னைக்கு வரைக்கும் மூச்சு விட்டதில்ல. சொல்லுங்க."

"கிருஷ்ணாவுக்கு அனுப்பின தகடு திரும்பி வந்துடுத்து. மூணு வாரமாச்சு. அரிசி டின்னுக்குள்ள ஒளிச்சு வெச்சிருக்கேன். இவர் காத்தால வாசல்ல உக்காந்துண்டு 'கிருஷ்ணா தொட்டுட்டான்டி'ங்கறார். நான் உள்ள, அது மேலதான் கையை விட்டு அரிசி அளந்துண்டு நிக்கறேன்."

கிளாடிஸ் சிரித்துவிட்டார். பிறகு நிறுத்திக்கொண்டார்.

"சொல்லிட வேண்டியதுதானே மாமி?"

"எப்படிச் சொல்வேன்? இந்த விலாசத்துல ஆள் இல்லைன்னு ஒட்டி அனுப்பிருக்கா. போன்ல மெதுவாக் கேட்டேன். வீடு மாத்தி நாலு மாசம் ஆச்சாம். 'சொல்ல மறந்துட்டேம்மா'ங்கறான். இதைக் கேட்டா இவருக்கு இங்கேயே நின்னுடும்." தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "சொல்லலேன்னா ரெண்டாம் தேதிக்கு அப்புறம் எப்படியும் நிக்கப் போறது."

கிளாடிஸ் காபியைக் குடித்து முடித்தார்.

"தகட்டை என்கிட்ட குடுங்க. ஞாயித்துக்கிழமை நானும் வரேன்."

சனிக்கிழமை பள்ளிப் பிள்ளைகள் ஒரு தலைமுடியின் மேல் லேசர் ஒளியைப் பாய்ச்சிச் சுவரில் கோடுகோடாக விழுவதைக் காட்டினார்கள். அழகாக இருந்தது. பார்த்தவர்களில் பாதிப் பேர் முடி யாருடையது என்று கேட்டார்கள்.

ஞாயிறு மாலை நாற்காலிகளை எண்ண முடியவில்லை. படியில், ஓரத்தில், மேடைக்குக் கீழே, எங்கும் ஆட்கள். முன்வரிசையில் தி.நகர் சுயம்புலிங்கம். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். மகள் மெல்போர்னில். தகடு வந்த மறுநாளே இன்சுலின் ஊசியை நிறுத்தியவர். அதை நண்பர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வாசலில் கிளாடிஸும் அவர் தம்பி பவுல்சாமியும் ஒரு வெள்ளைத் தெர்மோகோல் பெட்டியோடு நுழைந்தார்கள். பட்டினப்பாக்கத்தில் மீன்கடை வைத்திருப்பவர் பவுல்சாமி.

"பெட்டியில என்ன?" என்று தடுத்தார் கிரீஷ்.

"ஐஸ்," என்றார் கிளாடிஸ்.

"ஓ, விருந்தினர் ஜூஸுக்கா? பின்பக்கம் வெச்சுடுங்கோ." கிரீஷ் அடுத்தவரைக் கும்பிடப் போய்விட்டார்.

குவாண்டானந்தர் வெள்ளைப் பட்டில் தோன்றினார். கண்ணைத் திறந்தால் துகள், மூடினால் அலை என்றார். கைதட்டல். பிள்ளைகள் தூரத்தில் இல்லை, உங்கள் உள்ளங்கையில் இருக்கிறார்கள் என்றார். அழுகை. பிறகு, அறுவை சிகிச்சையை வென்ற வீரர் என்று சுப்பராமனை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார். சுப்பராமன் படியேறும்போது இரண்டு முறை நின்று மூச்சு வாங்கினார். அதை யாரும் பார்க்கவில்லை. தகடு கைக்குள் போனது. மூன்று நிமிடம். பச்சை.

"பாருங்கள்! இந்த நொடியில் ராட்டர்டாமில் மகன் கையிலும் பச்சை!"

"குருஜி வாழ்க!" என்று முதலில் கத்தியவர் சுயம்புலிங்கம்.

கிளாடிஸ் எழுந்தார். "சாமி, ஒரு டவுட்டு. இது பச்சைன்னா அதுவும் பச்சையாத்தான் இருக்குமா?"

"சந்தேகமே வேண்டாம், அம்மா."

"கறுப்பா இருக்க வாய்ப்பே இல்லையா?"

"பின்னல், அம்மா! இரண்டும் ஒன்று!"

"இன்னொரு தடவை சொல்லிருங்க சாமி. லேப்ல எதையும் மூணு ரீடிங் எடுத்துத்தான் பழக்கம்."

"இரண்டும் ஒன்றே!" என்று மைக் அதிரச் சொன்னார்.

பவுல்சாமி பெட்டியை மேடையில் வைத்து மூடியைத் திறந்தார். ஐஸுக்கு நடுவில் ஒரு தகடு. எண் நூற்றுப் பதினேழு. கன்னங்கறுப்பு. அதன் பக்கத்தில், வாயைத் திறந்தபடி, ஒரு முழு வஞ்சிரம்.

"இன்னா நைனா," என்றார் பவுல்சாமி, "ராட்டர்டாம் இவ்ளோ கிட்டவா கீது? நம்ம கடைலேர்ந்து கூப்புடு தூரம்தான் போல."

மோசடி வெளிப்பட்டது, மண்டபம் கொதித்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். மண்டபம் கொதித்தது உண்மை. காரணம் வேறு.

"மீனா!" என்று அலறினார் கிரீஷ். "சபாவுக்குள்ள மீனா!"

"ஐஸ்தான் கேட்டேன். மீனை ஏன்டா போட்ட?" என்று கிளாடிஸ் தம்பியிடம் முணுமுணுத்தார்.

"யாவாரத்துக்கு வச்சிருந்த பொட்டி, அக்கா. மீனை எங்க விடச் சொல்ற, ரோட்லயா?"

அறுநூறு பேர் மூக்கைப் பொத்தினார்கள். அபச்சாரம் என்று அதிகம் துள்ளியவர் சுயம்புலிங்கம். பாண்டி பஜார் பக்கம் அவர் கோழி வறுவலுக்குக் காத்து நின்றதை நானே இரண்டு முறை பார்த்திருக்கிறேன். ஏமாந்தது அவர்களுக்கு உறைக்கவில்லை. மீன் உறைத்தது. குவாண்டானந்தர் அந்த ஒரு கணத்தில் தப்பித்துக்கொண்டார்.

"பார்த்தீர்களா! உயிர்ப்பலியின் அதிர்வு பட்டதும் புனிதத் தகடு கருகிவிட்டது! மீன்தான் காரணம்!"

மறுபடியும் கைதட்டல். முன்பைவிடப் பலமாக. கிளாடிஸ் ஏதோ சொன்னார், கேட்கவில்லை. நான் பின்வரிசையில் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அப்போது அபயாம்பாள் எழுந்தார். மைக் இல்லை. ஆனால் நூலகத்தில் முப்பது வருஷம் ஊரை அடக்கிய குரல்.

"ஏன்னா! அந்தத் தகடு கிருஷ்ணா கைக்குப் போகவே இல்லைன்னா. மூணு வாரமா நம்மாத்து அரிசி டின்லதான் இருந்தது. அவன் வீடு மாத்திட்டான். நம்மகிட்ட சொல்லலே. நான்தான் மறைச்சேன்."

எனக்கு மௌனங்கள் பழக்கம். பல வகை தெரியும். இது அவற்றில் சேராதது. அறுநூறு பேர் ஒரு கிழவரின் நெஞ்சைப் பார்த்துக்கொண்டு மூச்சை அடக்கி நின்ற மௌனம். சுப்பராமன் கையிலிருந்த பச்சைத் தகட்டைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. தி.நகர் நகைக்கடைக்குள் நுழையும்போது அவர் முகம் இப்படித்தான் இருந்திருக்கும்.

"மீன்தான் காரணமா?" என்று குவாண்டானந்தரைக் கேட்டார்.

"மீன்தான், ஐயா. மீனேதான்."

"சரி. கிளாடிஸ், அந்தத் தகட்டை எங்கிட்ட குடுங்கோ. மீன் அங்கேயே இருக்கட்டும். இதை ஐஸ்ல போடுங்கோ. தட்டை மாத்திப் பாத்துடலாம்."

பொன்னாடையை உருவி ஈரத்தைத் துடைத்தார். மீனோடு கிடந்த கறுப்புத் தகட்டை ஒரு கையால் விரல்கள் பட இறுக்கிப் பிடித்துக் கண்ணை மூடாமல் நின்றார். ஒரு நிமிடம். மூன்று நிமிடம். குளிர்ந்திருந்ததால் ஐந்து நிமிடம் ஆயிற்று. கையை விரித்தார். விரல்களின் அச்சு அப்படியே, ஐந்து பச்சைக் கோடுகள். பவுல்சாமி ஐஸிலிருந்து மற்றதை எடுத்துத் தூக்கிக் காட்டினார். கரி மாதிரி கறுப்பு.

"மீன் எடத்தை விட்டு நகரலே. தகடுதான் மாறித்து," என்றார் சுப்பராமன். "இப்போ சொல்லுங்கோ. கிருஷ்ணா யாரு? நானா, மீனா?"

முதலில் யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு ஒருவர் தன் தகட்டைச் சூடான காபி டம்ளருக்கு அடியில் வைத்துப் பார்த்தார். பச்சை. பக்கத்து நாற்காலிக்காரரும் வைத்தார். அன்றைக்கு எட்டு மணிக்குள் கேன்டீனில் காபி தீர்ந்தது. குவாண்டானந்தர் பாடகர்கள் வரும் பின்வாசல் வழியாகப் போயிருக்க வேண்டும். பின்னல் தத்துவப்படி அவருடைய செருப்பும் கூடவே போயிருக்கலாம். ஆனால் அது மேடையோரத்திலேயே கிடந்தது.

சுப்பராமன் படியில் உட்கார்ந்துகொண்டார். அபயாம்பாள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"முப்பத்தஞ்சு வருஷம் ஊரார் தராசையெல்லாம் பாத்துட்டேன்," என்றார் அவர். "பிள்ளை தராசுன்னு நெனைச்சதும் பாக்கத் தோணலே." பிறகு மனைவி பக்கம் திரும்பி, "புது விலாசம் வாங்கி வெச்சிண்டிருக்கியா?"

"இருக்கு."

"குடு. ரெண்டாம் தேதி ஆபரேஷன்னு எழுதணும். வரதும் வராததும் அவன் பாடு. நான் அட்மிட் ஆறேன்."

இனி, யார் யார் என்ன ஆனார்கள் என்பது.

சுப்பராமனுக்கு டிசம்பர் இரண்டாம் தேதி அறுவை சிகிச்சை நடந்தது. பிழைத்தார். மகன் வந்து ஒன்பது நாள் இருந்தான். அபயாம்பாள் அரிசி டின்னைக் கழுவிக் காயவைத்தார். கிரீஷ் மறுநாளே சாஸ்திரிகளை அழைத்து மண்டபத்தைச் சுத்தி செய்தார், மீனுக்காக மட்டும். கிளாடிஸ் இனி சபாவுக்குள் வரக் கூடாது என்று செயற்குழு தீர்மானம் போட்டது. குவாண்டானந்தரைப் பற்றித் தீர்மானம் ஏதும் இல்லை. அவர் இப்போது வேறு ஊரில் செயற்கை நுண்ணறிவால் ஜாதகம் கணிக்கிறார். மதுவந்தி ஜனவரியில் மறுபடி பேசினார். பதினான்கு பேர் போனோம். வேண்டாம் என்று வீசிய தகடுகளைப் பவுல்சாமி வாங்கிப் போய்க் கடையில் வைத்திருக்கிறார். "வெயில்ல பச்சையாச்சுன்னா ஐஸ் உருகிக்கினு போவுதுன்னு அர்த்தம் சார், சோக்கா வேலை செய்யுது." தகடுகள் முதன்முறையாக உண்மை பேசுகின்றன. ஒன்றும் பொறிக்காத தகட்டை வாங்கியவன் நான். என் மகள் லண்டனில் இருக்கிறாள்.

சுயம்புலிங்கம் அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் மீன் படாத புதுத் தகடு வேண்டும் என்று குவாண்டானந்தருக்குச் செய்தி அனுப்பினார். மூன்றே நாளில் வந்தது. இன்சுலின் மட்டும் வரவில்லை, அவர் கேட்கவில்லை. ஜனவரி இருபதாம் தேதி மதியம் தகட்டைக் கையில் வைத்தபடியே இறந்துபோனார். இறந்த பிறகும் தகடு பச்சையாகத்தான் இருந்தது, மகள் அப்பாவை விடாமல் நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்று கூடியிருந்தவர்கள் கண்ணீர் விட்டார்கள். அரை மணி நேரத்தில் அது மெல்லக் கறுத்தது. ஆன்மா பின்னலில் கலந்துவிட்டது என்றார்கள். உடம்பு ஆறுகிறது என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. நானும் அங்கே இருந்தேன்.

உங்கள் கையில் இருப்பது யாருடைய சூடு? தட்டை மாற்றிப் போட்டுப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். ஆறிய பிறகு பார்க்க முடியாது.